எந்தக் கோடியிலிருந்தும் 585

உலகத்தில் உள்ள எந்த எண்ணைச் சொன்னாலும் அதை ஒன்றும் சுழியுமாக மாற்றி, முன்னும் பின்னும் ஒப்பித்துவிடுவான் என் தம்பி. உலகம் என்றது கொஞ்சம் அதிகம். ஆயிரம் வரைக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஆஸ்பத்திரியில் அழைப்பு மணி பொருத்துவது அவன் வேலை. மணிக்காரர் என்றால்தான் அங்கே தெரியும். ஒவ்வொரு அறையிலும் கட்டில் தலைமாட்டில் ஒரு பெட்டி. அதன் முதுகில் வரிசையாகப் பத்துக் குட்டி சுவிட்சுகள். மேலே தள்ளினால் ஒன்று, கீழே தள்ளினால் சுழி. பத்தும் சேர்ந்துதான் அறை எண். மணியை அழுத்தினால் நர்சுகளின் மேசையில் அந்த எண் எரியும்.

ஒருநாள் 418-ஆம் அறைப் பெட்டியில் மறுகோடியிலிருந்து எண்ணித் தள்ளிவிட்டான். 0110100010 என்று இருக்கவேண்டியது 0100010110 ஆகிவிட்டது. மறுநாள் மத்தியானம் அந்த அறைப் பெரியவர் மூச்சுத் திணறி மணியை அழுத்தியபோது மேசையில் எரிந்தது 278. நர்சுகள் இரண்டு மாடி இறங்கி, பூட்டிக் கிடந்த அறைக்கு ஓடினார்கள். எண் தப்பு என்று புரிந்து, மேலே வந்து அறை அறையாகத் தேடியபோது பெரியவருக்கு உயிர் இல்லை.

எண் எப்படி மாறியது என்று யாரும் கண்டுபிடிக்கவில்லை. இவனே போய் மேலதிகாரியிடம் சொன்னான். பெரியவரின் மகள் வீட்டுக்கும் போய்ச் சொன்னான். அவள் கதவைச் சாத்திக்கொண்டாள். அதன்பிறகு தன் கையை அவன் நம்பியதே இல்லை.

ஆறு வருடம் கழித்து, அவன் மனைவிக்கு அதே ஆஸ்பத்திரியில் இதய ஆபரேஷன்.

"585 குடுங்க" என்றான்.

"லிஃப்ட் பக்கம், ஒரே சத்தம் மணிக்காரரே. 590 காலியா இருக்கு" என்றார் தலைமை நர்ஸ்.

"585-ஐக் கதவுல எந்தப் பக்கத்துலேருந்து படிச்சாலும் 585. சுவிட்சுல 1001001001. எந்தக் கோடியிலேருந்து தள்ளினாலும் அதேதான். இந்தக் கட்டடத்துல அப்படி மூணு ரூம்தான் இருக்கு."

"மத்த ரெண்டு?"

"252, 717."

"252 எக்ஸ்ரே. 717 பிரசவ வார்டு. உங்க சம்சாரத்துக்கு அம்பத்தெட்டு வயசு."

"அதனாலதான் 585 கேக்கறேன்."

கொடுத்தார்கள். ஆபரேஷன் முடிந்த மூன்றாம் நாள் அவளுக்கு நெஞ்சைப் பிசைந்தது. மணியை அழுத்தினாள், இமை மூடித் திறப்பதற்குள் பதினைந்து நர்சுகள் வந்து நின்றார்கள்.

இதுவரை எழுதி, பக்கத்தில் துணி மடித்துக்கொண்டிருந்த தம்பி மனைவிக்குப் படித்துக் காட்டினேன்.

"வந்தது ரெண்டு பேரு, அண்ணி" என்றாள். "மணிய நான் தொடவே இல்ல. மூணு நாளா அவர் கதவுகிட்ட ஸ்டூல் போட்டு, என் முகத்தையே பாத்துட்டு இருந்தார். நான் வாயத் திறக்கறதுக்குள்ள அவரே ஓடிப்போய்க் கூட்டிட்டு வந்தார்."