அவஸ்தை மருந்து

இரண்டு எவர்சில்வர் கரண்டிகளுக்கு நடுவே மாத்திரை நொறுங்கியது. கைகள் அவசரப்படவில்லை. குருணை தங்கினால் புண்ணில் உறுத்தும் என்று பொடியை விரலால் தடவிப் பார்த்து மறுபடியும் அழுத்தின. வேகவைத்துக் காயவைத்த துணியில் வாஸ்லின் பூசி, அதன்மேல் பொடியைத் தூவின. இந்தப் பொடி புண்ணை ஆற்றாது. நாற்றத்தை அடக்கும், அவ்வளவுதான்.

மகேஸ்வரியின் வேலை முழுக்க அந்த ‘அவ்வளவுதான்’ என்கிற இடத்திலேயே நடந்துவந்தது. உத்தரகோசமங்கைக்காரி. ஆஸ்பத்திரியில் இனி ஆகாது என்று அனுப்பிவிட்டவர்களை வீட்டில் போய்ப் பார்க்கிற நர்ஸ். வேனில் பாம்பன் பாலம் தாண்டி அக்காள்மடம், தங்கச்சிமடம் என்று போய்வருவாள். குணமாகி எழுந்துவந்து கும்பிட்டவர் ஒருத்தரும் அவள் கணக்கில் கிடையாது. “பொழைக்காத ஆளுக்கு எதுக்குடி வைத்தியம்?” என்று புருஷன் காளிராஜ் ஒருமுறை கேட்டான். “சாகுற வரைக்கும் இருக்காகல்ல” என்றாள். அதற்குமேல் பேசத் தெம்பில்லை. உலையில் அரிசி போட வேண்டியிருந்தது.

தங்கச்சிமடத்துச் சவேரியார் விசைப்படகு ஓட்டியவர். கன்னத்தில் புற்று. புண் உடைந்து நாற்றம் வந்ததும், அவரே கட்டிலைத் தூக்கச் சொல்லி, வீட்டுக்குப் பின்னால் வலை போட்டுவைக்கிற கொட்டகைக்குப் போய்விட்டார். அவருக்கு இருந்த ஆசை ஒன்றுதான். வீட்டுக்குள் மாதா சுரூபத்துக்கு முன்னால் உட்கார்ந்து, சாமியார் கையால் ஒரு துணுக்கு அப்பம் வாங்க வேண்டும். அந்தக் கரையில் அதை ‘நன்மை வாங்குறது’ என்பார்கள். வாயைத் திறக்க விடாத வலியும், ஆளைக் கிட்ட விடாத நாற்றமும் இருக்கிறவரை அது நடக்கிற காரியமில்லை.

கட்டுப் போட்டு முடிந்தது. நாற்றம் ஒரு வாரத்தில் பாதியாகியிருந்தது. வலி மட்டும் அப்படியே நின்றது. கட்டில் சட்டத்தை அவர் பிடித்திருந்த பிடியில் விரல்கள் வெளுத்திருந்தன. போனமுறை கொடுத்த மார்ஃபின் வலி மாத்திரை உள்ளே போயிருந்தால் இந்தப் பிடி இருக்காது.

“அக்கா, மாத்திரை கொடுக்குறீங்களா?”

சவேரியாரின் மனைவி ஜெபமாலை மீன்சட்டியைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள். மறுபடி கேட்டதும் கையைக் கழுவிவிட்டு வந்தாள்.

“கொடுக்கல. கொடுக்கவும் மாட்டேன். அவஸ்தை கொடுக்க நீ யாரு தாயி? அதுக்குச் சாமியார் இருக்காரு. அவரையே நான் இன்னும் கூப்பிடல.”

“அவஸ்தைப்படுறாகளேன்னுதான அக்கா கொடுத்தேன்.”

“அதத்தான் நானும் சொல்றேன். உக்காந்து கஞ்சி குடிக்கிற மனுசனுக்கு அவஸ்தை மருந்துன்னு நீட்டுற.”

கட்டிலிலிருந்து சத்தம் வந்தது. சவேரியார் சிரித்துவிட்டார். சிரிப்பு வலித்தது. தாடையைத் தாங்கிக்கொண்டார்.

“மகேசு, உங்க ஊர்ல அவஸ்தைன்னா கஷ்டம். இங்கன, சாகப்போற நேரத்துல சாமியார் வந்து எண்ணெய் பூசுறது. அவஸ்தை கொடுத்தாச்சுன்னா அடுத்து பெட்டிக்குத்தான் சொல்லுவாக.” மூச்சு வாங்கினார். “என்னையப் பெட்டியில ஏத்த வந்தவன்னு ஒரு வாரமா உன்னையத் திட்டுறா. நீ கொண்டாந்த பிஸ்கட்டை மட்டும் திங்கிறா. மாத்திரைய என் கண்ணுலயே காட்டல.”

“சும்மா கெடங்க” என்றாள் ஜெபமாலை.

மகேஸ்வரி முக்காலியில் உட்கார்ந்தாள். மருந்து வீட்டில் இருந்தும், ஒரு சொல்லுக்காக இந்த மனுஷன் இத்தனை நாள் கட்டிலைப் பிடித்துக் கிடந்திருக்கிறார். அவளுக்கு அழுகை வரவில்லை. இடுப்பு வலித்தது.

“நான் சொன்ன வார்த்தை தப்புக்கா. இது வலி மாத்திரை. உயிரை எடுக்காது, உயிரைப் பிடிச்சும் வைக்காது. வலி வரட்டும்னு காத்திருக்காம, நேரம் பாத்துக் கொடுக்கணும். மலம் கட்டும், அதுக்குத் தனியா மருந்து தாரேன்.”

“தூங்கி, எந்திரிக்காமப் போயிட்டா?”

“மொதல்ல ரெண்டு நாள் அசதியாத்தான் இருக்கும். தூங்கட்டுமே. அவுக நல்லாத் தூங்கி எம்புட்டு நாளாச்சு?”

ஜெபமாலை உள்ளே போய் அரிசிப் பானைக்குள்ளிருந்து மாத்திரை அட்டையை எடுத்துவந்தாள். மகேஸ்வரி தண்ணீரில் கரைத்துக் காட்டினாள். வாயின் நல்ல பக்கமாகக் கரண்டியை வைத்து ஜெபமாலையே ஊட்டினாள்.

அடுத்தமுறை வேன் வந்தபோது சவேரியாரின் கை மடியில் சும்மா கிடந்தது. தூங்கியிருக்கிறார். ஆனால் தோள் எலும்பு முன்னைவிடத் துருத்தியிருந்தது; இனி எவ்வளவு நாள் என்று மகேஸ்வரிக்குத் தெரியும். ஜெபமாலை சாமியாருக்குச் சொல்லிவிட்டிருந்தாள். நன்மைக்கு மட்டும்தான், அவஸ்தைக்கு இல்லை என்று தெரு முழுக்கவும் சொல்லிவைத்திருந்தாள்.

முந்தின நாள்தான் அக்காள்மடத்தில் அவள் பார்த்துவந்த ஒருவர் இறந்திருந்தார். கால் கனத்தாலும் மகேஸ்வரி ஒன்றையும் விடவில்லை. உப்புத் தண்ணீரில் புண்ணைக் கழுவினாள். பொடி வைத்தாள். பிளாஸ்திரி நோகும் தோலில் படாமல் பார்த்துக்கொண்டாள். மேலே வெள்ளைத் துணியை மடித்துக் கட்டினாள்.

“நாறுதா மகேசு? உள்ளதச் சொல்லு.”

“ஒரு முழத்துல உக்காந்திருக்கேன் அய்யா. சோப்புதான் மணக்குது.”

தெருவில் சாமியாரின் பைக் வந்து நின்றது. மகேஸ்வரி சவேரியாரைத் தாங்கி எழுப்பி, மெல்ல நடத்தி, வீட்டுப் பின்வாசல் வரைக்கும் கொண்டுவந்தாள். கோயிலுக்குக் கட்டுகிற சேலையில் ஜெபமாலை உள்ளே நின்றிருந்தாள்.

“இந்தாங்கக்கா, பிடிச்சுக்கங்க” என்று சவேரியாரின் கையை எடுத்து அவள் கையில் கொடுத்தாள்.