முட்டைக்கோது அளவு எண்ணெய்

ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் வீட்டு மணி அடிப்பதற்கு முன்பே பேத்தி கதவடிக்குப் போய்விடுவாள். லிஃப்ட் திறக்கிற சத்தத்திலேயே அவளுக்குத் தெரிந்துவிடும், வருவது கொட்டாஞ்சேனை அப்பப்பா என்று. நான் அம்மப்பா, கொழும்பு வெள்ளவத்தையில் மகளோடும் மருமகனோடும் ஒரே வீட்டில் இருப்பவன். கிழமையில் ஐந்து நாள் அவளைப் பள்ளிக்கூட வான் வண்டியில் ஏற்றி இறக்குவது நான், கணக்குச் சொல்லிக்கொடுப்பது நான். எனக்காக அவள் ஒருநாளும் கதவடிக்கு ஓடியதில்லை.

"அப்பப்பா, என்ன கொண்டந்தனீங்கள்?"

"நீங்கள் கேட்டதுதான் குஞ்சு. ரோல்ஸ்."

எண்ணெயில் பொரித்த மூன்று ரோல்ஸ், ஒரு பற்றிஸ், கேக்கில் இரண்டு துண்டு. கணக்காய்வு வேலை பார்த்து ஓய்வு பெற்ற எனக்கு எண்ணாமல் இருக்க வராது. அவர் கதிரையில் சாய்ந்துகொண்டு என்னைப் பார்த்துச் சிரிப்பார்.

"என்ன சம்பந்தி, பிள்ளையின்ர வாயையே பாத்துக்கொண்டிருக்கிறியள்? உங்கட கண்தான் முதல்ல படப்போகுது."

அவள் விரல் துடைக்காமலே அவர் மடியில் ஏறிக்கொள்வாள். அவருக்கு ஞாயிறு என்றால் எனக்குப் புதன் இருக்கட்டும் என்று, மகளுக்குச் சொல்லாமல், காலி வீதி பேக்கரியில் சொக்லட் கேக் வாங்கத் தொடங்கினேன். "தாங்க்ஸ் அம்மப்பா" என்று சொல்லிவிட்டு, அதை டிவிக்கு முன்னால் கொண்டுபோய்ச் சாப்பிட்டாள். மடி எனக்குக் கிடைக்கவில்லை.

அப்போது அவளுக்கு ஏழரை வயது, முப்பத்தெட்டுக் கிலோ. வகுப்பில் அவள்தான் உயரம். கதவு நிலையில் நான் பென்சிலால் கோடு போட்டு வைப்பேன். எங்கள் பக்கத்து உயரம் என்று நான் சொல்ல, தங்கள் பக்கத்து எலும்பு என்று அவர் சொல்லுவார். வருகிறவர்களும் கன்னத்தைக் கிள்ளி, நல்ல வளர்த்தி என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அது வளர்த்திதானா என்று எங்களில் ஒருவரும் கேட்கவில்லை.

ஒருநாள் பிள்ளையைக் குளிக்க வார்த்துவிட்டு வந்த மகள் என்னருகில் இருந்து மெதுவாகச் சொன்னாள். "அப்பா, அவளுக்குப் பெரியபிள்ளை ஆகிறதுக்கான அடையாளம் தெரியுது. இன்னும் எட்டு முடியேல்லை." பொரளையில் பிள்ளைகளுக்கான டொக்டர் ஒருவரிடம் நாள் கேட்டிருந்தாள். மூன்று கிழமை பொறுக்கவேண்டியிருந்தது.

மருமகன் தன் தகப்பனுக்குப் போனில் சொல்லிவிட்டார் போலும். அடுத்த ஞாயிறு அவர் ஒரு போத்தல் நல்லெண்ணெயும் பத்து நாட்டுக்கோழி முட்டையும் கொண்டுவந்து மேசையில் வைத்தார்.

"பெரியபிள்ளை ஆனாப்பிறகு குடுக்கிறதை இப்பவே தொடங்கினா இடுப்புப் பலப்படும் சம்பந்தி. பிறகு வயித்துநோவு இராது."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சாமத்தியச் சடங்கில் முதல் தண்ணீர் வார்ப்பது தாய்மாமன். அது எங்கள் பக்கத்து உரிமை. என் மகன் கனடாவில் இருக்கிறான் என்பதற்காக இவர் முந்திக்கொள்வதா? அன்றைக்கே யாழ்ப்பாணத்துக்குப் போன் பண்ணினேன். மூன்றாம் நாள் பஸ்ஸில் செக்கு நல்லெண்ணெய் வந்து சேர்ந்தது. காலையில் பள்ளிக்கு முன், வேலைக்குப் போகும் அவசரத்தில் மகள் இருக்கும்போது, பிள்ளைக்கு ஒரு முட்டையை உடைத்துக் குடிக்கக் கொடுத்து, வெறுங்கோதில் என் எண்ணெயை அளந்து பருக்கினேன். அவள் மூக்கைப் பொத்திக்கொண்டு குடிப்பாள். பின்னேரம் அவருடைய முட்டையும் அவருடைய எண்ணெயும். அதை மருமகன் கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமை ரோல்ஸ், புதன்கிழமை கேக், எல்லாம் அதன் பாட்டுக்கு நடந்தன.

டொக்டர் பிள்ளையின் இடதுகை மணிக்கட்டை எக்ஸ்ரே எடுப்பித்துப் பார்த்தார். இளம் பெண், எங்கள் தமிழ்தான் கதைத்தார். "வயசுக்கு எலும்பு ரெண்டு வருசம் முன்னுக்கு நிக்குது. என்ன சாப்பிடுறவ?"

நான் தயாராகத்தான் போயிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை ரோல்ஸ், பற்றிஸ், கேக் என்று ஒன்றும் விடாமல் சொன்னேன். யார் கொண்டுவருகிறவர் என்பதையும் சொன்னேன்.

"மற்ற நாளில?"

பேத்தி என்னை முந்திக்கொண்டாள். "காலமை அம்மப்பா முட்டையும் எண்ணெயும் தருவார். பின்னேரம் அப்பாவும் தருவார். புதன்கிழமை அம்மப்பா கேக் தருவார். அது சீக்ரட்."

மகள் என் பக்கம் திரும்பவில்லை.

டொக்டர் கோபப்படவில்லை. சில பிள்ளைகளுக்குக் காரணம் தெரியாமலே இப்படி வரும் என்றார். இந்தப் பிள்ளைக்கு வேறு குறை ஒன்றும் தெரியவில்லை. உடம்பில் சேர்ந்த கொழுப்புத்தான் பருவத்தை முன்னுக்குத் தள்ளுகிறது போல இருக்கிறது என்றார். "இப்ப உயரமாத்தான் தெரிவா. எலும்பு கெதியா முத்தினா வளர்ச்சியும் கெதியா நிண்டுடும். அதைவிட, எட்டு வயசில மாதவிலக்கு வந்தா இவ எப்பிடித் தாங்குவா? பலம் குடுக்கிறம் எண்டு நினைச்சு நீங்கள் அவசரப்படுத்துறியள் ஐயா. எல்லாத்தையும் நிப்பாட்டுங்கோ. ஓடி விளையாட விடுங்கோ. மூண்டு மாசத்தில பாத்து, பருவத்தைத் தள்ளிப்போடுற ஊசி வேணுமோ எண்டு யோசிப்பம்."

திரும்பி வரும்போது முச்சக்கர வண்டியில் பிள்ளை என் தோளில் சாய்ந்து நித்திரையானாள். அவளை நினைக்க நெஞ்சு பதறியது. ஆனாலும் அந்தப் பதற்றத்துக்குள் ஒரு மூலையில் வேறொரு எண்ணமும் ஓடிற்று: இனி அவர் அந்தத் தின்பண்டப் பை இல்லாமல்தான் வரவேண்டும். பை இல்லாவிட்டால் அவர் யார்?

மருமகன் சொல்லியிருக்கவேண்டும், அடுத்த ஞாயிறு அவர் வெறுங்கையோடு வந்தார். லிஃப்ட் சத்தம் கேட்டதும் அவள் ஓடினாள், எப்போதும் போல. பை எங்கே என்று கேட்கவுமில்லை.

"சப்பாத்தைப் போடுங்கோ குஞ்சு. கடற்கரைக்குப் போவம்."

"ரேஸா அப்பப்பா?"

"ஓம், ரேஸ். தோக்கிறவர் மற்றவரின்ர சப்பாத்தையும் தூக்கவேணும்."

அவருக்கு எழுபத்திரண்டு, என்னைவிட மூன்று வயது இளமை, இரண்டு முழங்காலும் என்னுடையவை போல் நோவதில்லை. நான் பல்கனியில் நின்று பார்த்தேன். தண்டவாளத்தைக் கடக்கும்போது அவர் அவள் கையைப் பிடித்தார். மணலில் கால் வைத்ததும் விட்டார். அவள் ஓடினாள். அவர் வேண்டுமென்றே பின்தங்கினார். திரும்பி வரும்போது இரண்டு சோடிச் சப்பாத்தும் அவர் கையில் இருந்தன. பிறகு கிழமையில் நான்கு பின்னேரம் பஸ் பிடித்து வரத் தொடங்கினார். வீட்டுச் சாப்பாட்டை நான் பார்த்துக்கொண்டேன்: சிவப்பரிசிச் சோறு ஒரு அகப்பை, கீரை, மீன். அதற்காக அவள் என்னோடு சண்டை பிடித்தாள். "அம்மப்பா கூடாது. அப்பப்பா நல்லம்."

மூன்று மாதம் கழித்து, இன்று காலை, பொரளைக்குப் போனோம். நிறை இரண்டு கிலோ குறைந்திருந்தது. பருவம் முந்துகிற வேகமும் தணிந்திருக்கிறது, இப்போதைக்கு ஊசி வேண்டாம் என்றார் டொக்டர். மகள் கண்ணைத் துடைத்தாள். எனக்கும் மூச்சு வந்தது.

"என்ன செய்தனீங்கள் செல்லம்?" என்று டொக்டர் கேட்டார்.

"அப்பப்பாவோட ரேஸ் ஓடினனான். நான்தான் எல்லா நாளும் வெண்டனான்."

கீரையைப் பற்றி ஒரு சொல் இல்லை. டொக்டர் என்னைப் பார்த்துச் சிரித்தார். "அந்த அப்பப்பாவுக்கு நான் தாங்க்ஸ் சொன்னதாச் சொல்லுங்கோ ஐயா."

சொல்கிறேன் என்றேன்.

கதவு நிலையில் இப்போதும் கோடு போடுகிறேன். முன்பு கோட்டுக்குக் கோடு இடைவெளி கூடக்கூட மகிழ்ந்தேன். இப்போது அது மெதுவாக ஏறட்டும் என்று இருக்கிறது. இன்று பின்னேரமும் லிஃப்ட் சத்தம் கேட்டது. அவள் ஏற்கனவே சப்பாத்துப் போட்டிருந்தாள். அவர் வாசலில் நின்று, "என்ன சம்பந்தி, டொக்டர் என்னவாம்?" என்று கேட்டார்.

"நிறை குறைஞ்சிருக்காம்" என்றேன். "கீரை நல்லதாம்."