யாழினியின் படத்தைக் கழற்றச் சொன்னார்கள்

மலேசியாவில், மலாக்காவின் குருபோங்கில் நான் நடத்தும் பாலர் பள்ளிக்கு இன்று காலை ஒரு கட்சியின் கிளைத் தலைவர் வந்தார். நாளை அவர்கள் கட்சியின் வைபி, அதாவது சட்டமன்ற உறுப்பினர், வருகிறாராம், பிள்ளைகளோடு படம் எடுப்பாராம்.

சுவரில் பிள்ளைகள் வரைந்த குடும்பப் படங்கள் இருந்தன. ஐந்து வயது யாழினி தன்னையும் அம்மாவையும் பூனையையும் வரைந்திருந்தாள். அவள் வீட்டில் அப்பா இல்லை.

"இத எடுத்துருங்க டீச்சர். அப்பா இல்லாத குடும்பத்தெல்லாம் மாட்டுனா பிள்ளைங்க கெட்டுப் போயிரும் லா."

"அப்படின்னு யாரு ஆராய்ச்சி பண்ணுனா அண்ணே?"

"வாட்ஸ்அப்ல வந்துச்சி."

நான் பாலர் கல்வியை முறையாகப் படித்துவிட்டு வந்தவள். தன் வீட்டைச் சுவரில் பார்க்கும் பிள்ளை பயமில்லாமல் பேசும் என்று படித்ததை வகுப்பிலும் பார்க்கிறேன். மூன்று மாதம் வாய் திறக்காத யாழினி, இந்தப் படத்தைக் காட்டித்தான் முதன்முதலில் பேசினாள்.

இதைச் சொன்னேன். அவர் போனைத் தடவிக்கொண்டிருந்தார்.

"எடுக்கலன்னா மானியம் கஷ்டம், டீச்சர்."

"சரிண்ணே. எடுக்கச் சொன்னதா எழுதி, கையெழுத்துப் போட்டுக் குடுங்க. யாழினி அம்மாகிட்ட காட்டணும்."

பேனாவை நீட்டினேன். அவர் அதைத் தொடவில்லை. இவ்வளவுதான் இவர்களின் கொள்கைப் பிடிப்பு.

மதியம் போன் வந்தது. வைபிக்கு வேறு வேலை இருக்கிறதாம், வரமாட்டாராம். மானியம் பற்றிப் பேச்சே இல்லை. வராது என்றுதான் நினைக்கிறேன். படம் சுவரிலேயே இருக்கிறது.

நண்பர்களே, அம்மா மட்டும், தாத்தா மட்டும், சித்தி மட்டும் வளர்த்துக் 'கெட்டுப் போனவர்கள்' யாராவது இருந்தால் உங்கள் குடும்பப் படத்தை அனுப்புங்கள். சுவரில் இன்னும் இடம் இருக்கிறது.