உப்பு மோரும் நீர் மாத்திரையும்

எண்பதுகளின் நடுவில், ஓசூரில் எங்கு பார்த்தாலும் கம்பெனிகள் முளைத்துக்கொண்டிருந்த சமயம். எங்கள் ஊர் கல்லாவிப் பக்கம் கூலி வேலைக்குப் போய்க்கொண்டிருந்த என் வீட்டுக்காரருக்கு, இரும்பை உருக்கி வார்க்கும் ஒரு கம்பெனியில் இடம் கிடைத்தது. டெம்பரரிதான். ஆனாலும் ஊரில் எங்களுக்கு வந்த மரியாதையைப் பார்க்க வேண்டுமே! கலெக்டர் உத்தியோகம் கெட்டது போங்கள்.

அடுத்த கோடையில் அவருக்குக் கால் வீங்க ஆரம்பித்தது. விரலால் அழுத்தினால் குழி விழுந்து அப்படியே நிற்கும். படுத்தால் மூச்சு முட்டும். சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியேதான் தூக்கம். இதயம் பலவீனமாகி உடம்பில் நீர் தேங்குகிறது என்று சொல்லி, டாக்டர் நீர் மாத்திரை எழுதினார். அது சிறுநீரில் உப்பை வெளியேற்றுமாம்; உப்போடு தண்ணீரும் கிளம்பிவிடுமாம். கூடவே பொட்டாசியம் என்ற சத்தும் போய்விடும் என்பதால் வாழைப்பழம் சாப்பிடச் சொன்னார். உப்பைக் கண்டிப்பாகக் குறைக்க வேண்டும் என்றார். என்ன வேலை என்று கேட்டதற்கு இவர் பெருமையாக, "கம்பெனி வேலைங்க சார்" என்றார். நாற்காலி உத்தியோகம் என்று நினைத்தாரோ என்னவோ, டாக்டர் அதற்கு மேல் கேட்கவில்லை.

லீவு போட்டிருந்த வாரத்தில் மாத்திரை நன்றாகவே கேட்டது. சும்மா சும்மா எழுந்து ஒன்றுக்குப் போய் வந்தார். கால் வடிந்து கணுக்கால் எலும்பு தெரிந்தது. அவர் மல்லாந்து படுத்துத் தூங்குவதைப் பார்த்து நான் அழுதேன்.

வேலைக்குத் திரும்பியதும் மறுபடியும் வீக்கம். நானோ குழம்பில்கூட உப்புப் போடாமல் ஆக்கிக்கொண்டிருந்தேன். டாக்டர் என்னைச் சந்தேகமாகப் பார்த்தார்.

"உப்பு குறைச்சீங்களாம்மா?"

"நானே ரெண்டு மாசமா சப்புனுதான் சார் திங்கறன்" என்று படபடத்தேன். இவர் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார். டாக்டர் மாத்திரையைக் கூட்டினார். அப்புறம் எழுந்தால் தலைசுற்றல், கெண்டைக்காலில் இழுப்பு, நாக்கு வறட்சி. வீக்கமும் போகவில்லை.

கடைசியில் பெங்களூரில் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். அங்கே நர்ஸம்மா தட்டைக் காட்டி, "உப்பு பேடா, உப்பு பேடா" என்று, உப்பு வேண்டாம் எனக் கன்னடத்தில் அதட்டுவார். பார்க்க வந்த, கம்பெனியில் இவரோடு வேலை செய்யும் ஒருவர் என்னைத் தேற்றுவதாக நினைத்துச் சொன்னார்: "அண்ணன் சீக்கிரம் வரணும் அண்ணி. உப்பு மோர் பக்கெட்டு அவரு இல்லாம தீரவே மாட்டேங்குது."

என்ன மோர் என்று அவரைக் கேட்டேன். இரும்பு உருக்கும் ஃபர்னஸ் எதிரில் நிற்பவர்களுக்கு வியர்வை ஊற்றி மயக்கம் வரும் என்று கம்பெனியே உப்புப் போட்ட மோர் கொடுக்குமாம். நல்ல உடம்புக்கு நல்லதுதான். இவரோ காலையில் மாத்திரை போட்டு உப்பையும் நீரையும் வெளியே விட்டுவிட்டு, அங்கே போய்ச் சொம்பு சொம்பாகக் குடித்து உள்ளே ஏற்றியிருக்கிறார்.

வந்தவர் போனதும் இவரிடம் வெடித்தேன். "ஏங்க, ஏன் என்கிட்டகூடச் சொல்லல?"

"மாத்திர போட்டுக்கினு அந்தச் சூட்டுல நின்னா கண்ணு இருட்டிக்கினு வருது. மோரு குடிச்சாதான் காலு நிக்குது. உழுந்தா, சீக்காளின்னு வெளிய அனுப்பிடுவான். பர்மனென்ட் ஆவட்டும்னு இருந்தன்."

திட்ட வாயைத் திறந்தேன். எதைச் சொல்லித் திட்டுவது? வேறு வேலை கேள் என்றா? அந்த ஒரு வேலைக்கே எத்தனை பேர் கேட்டில் காத்துக் கிடந்தார்கள் என்று எனக்குத் தெரியாதா?

அவர் பர்மனென்ட் ஆகவில்லை. அந்த ஆஸ்பத்திரியிலிருந்து உயிரோடு வரவும் இல்லை.

அந்த மாத்திரை மேல் எனக்குக் கோபமில்லை, அந்த மோர் மேலும் இல்லை. உப்பு உள்ளே போனால்தான் அவரால் கம்பெனியில் நிற்க முடிந்தது, வெளியே போனால்தான் வீட்டில் படுக்க முடிந்தது. இரண்டுக்கும் நடுவில் அவர் உயிரோடிருக்க ஓர் இடம் இல்லாமல் போனதே என்பதுதான் இன்றுவரை எனக்கு ஆறவில்லை.