கடைசி ஜம்ப்

ஞாயிறு பூசை முடிந்ததும் எட்வின் பழைய கையடக்க வீடியோ கேம் ஒன்றை ஆடி, யூடியூபில் விமர்சனம் சொல்வான். முழுதாக முடிக்காத கேமைப் பற்றி வாயே திறக்கமாட்டான்.

ஒன்று மட்டும் மூன்று வருடமாகப் பாக்கி. செத்துப்போன அக்கா ஜான்சி கடைசிக் கட்டம்வரை ஆடி, தன் பெயரில் சேவ் செய்து வைத்தது. அவன் ஜெயித்தால் அந்தப் பெயர் அழிந்துவிடும்.

"இன்னிக்காவது முடிச்சிட்டியாடா?" அடுக்களையிலிருந்து அம்மா கேட்டாள்.

"ஒரே ஒரு ஜம்ப்தான்மா."

பட்டனை அழுத்தாமல் விட்டால், பாறை விளிம்பில் நிற்கும் பொம்மை திரும்பிப் பார்த்துக் காலைத் தட்டும். கேமை அப்படித்தான் செய்திருக்கிறார்கள், அவனுக்கும் தெரியும். இன்றும் திரும்பியது, தட்டியது. பஸ் ஸ்டாப்பில் அவனுக்காக நிற்கும்போது ஜான்சியும் இப்படித்தான் தட்டுவாள்.

எட்வின் கேமராவை அணைத்தான்.

"கொஞ்சம் பொறுத்துக்க அக்கா, வந்துடறேன்" என்றான்.

அவன் எந்தப் பட்டனையும் தொடவில்லை. தட்டிக்கொண்டிருந்த கால் நின்றது.