அவள் குறட்டை நின்ற நேரங்கள்

என் மனைவியின் விலா எலும்பில் விரிசல் விழுந்தது என் உதையால். குளியலறையில் வழுக்கி விழுந்ததாக எல்லாரிடமும் சொன்னோம். அவள் சொல்வாள், நான் தலையாட்டுவேன்.

அவள் குறட்டை விடுவாள். அதற்காகத்தான் உதைத்தேன். தொடக்கத்தில் முழங்கையால் இடித்தேன். பிறகு முதுகில் குத்தினேன். வயது ஏறியதும் குதிகாலைப் பயன்படுத்தினேன். குறட்டை அறுந்து அறை அமைதியாகும். அடித்தால்தான் அடங்குகிறாள் என்று நினைத்துக்கொண்டு கண்ணை மூடுவேன். சற்று நேரத்தில் விக்கித் திணறி, முன்னைவிடப் பெரிய சத்தத்தோடு மறுபடி தொடங்குவாள். வேண்டுமென்றே செய்கிறாள் என்று தோன்றும். மறுபடி உதைப்பேன். பள்ளியில் உயிரியல் நடத்தியவன் நான். மூச்சுக்குழாயைக் கரும்பலகையில் வரைந்து காட்டியவன்.

லிட்டில் இந்தியா கடைத்தெருவில் ஒரு தையல் கடையில் அவள் ரவிக்கை தைத்துக்கொண்டிருந்தாள். ஒரு பிற்பகல் மெஷின் ஓடும்போதே கண்ணயர்ந்துவிட்டாள். ஊசி ஆள்காட்டி விரல் நகத்தைத் துளைத்து உள்ளேயே முறிந்தது. நான் போய்ச் சேர்ந்தபோது துணியெல்லாம் ரத்தம். பக்கத்து மெஷின்காரப் பெண் அவள் கையைப் பிடித்துக்கொண்டே என்னைக் கிண்டல் செய்தாள்.

"என்ன சார், இந்த வயசுலயும் அக்காவ ராத்திரி தூங்க விடுறதில்லையா?"

எல்லாரும் சிரித்தார்கள். மனைவி மட்டும் சிரிக்கவில்லை.

விரலுக்குக் கட்டுப் போட்ட மருத்துவர், பகலில் இப்படித் தூக்கம் வருவது சரியில்லை என்று தூக்கப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தார். ஓர் இரவு மருத்துவமனையில் படுக்க வேண்டும். மகளும் நானும் கூடப் போனோம். மனைவியின் தலையில் ஒயர்களை ஒட்டினார்கள். மூக்கில் மெல்லிய குழாய், காயம்படாத கை விரலில் ஒரு கிளிப். மார்பிலும் வயிற்றிலும் பட்டை கட்டுவதற்காகத் திரையை இழுத்தார்கள். மார்புப் பட்டையை இறுக்கியபோது அவள் அலறினாள்.

"என்ன ஆன்ட்டி இது, இவ்வளவு கறுத்திருக்கு?" என்றாள் பட்டை கட்டிய பெண்.

"பாத்ரூம்ல விழுந்துட்டேன்."

"ஒரு தடவை விழுந்தா இப்படி இருக்காது லா. பழசும் புதுசுமா இருக்கு."

"நீ கட்டும்மா."

அந்தப் பெண் மருத்துவரிடம் சொல்லிவிட்டாள். எக்ஸ்ரேயில் விரிசல் தெரிந்தது.

முடிவு சொல்ல எங்கள் மூவரையும் அழைத்தபோது மருத்துவர் திரையில் கோடுகளைக் காட்டினார். மூச்சுக்காற்றின் கோடு தட்டையாகக் கிடந்தது. அதன் கீழே மார்பும் வயிறும் காற்றுக்காகத் துடித்துக்கொண்டிருந்தன. இன்னும் கீழே ஆக்ஸிஜன் சரிந்துகொண்டே போனது. மணிக்கு எத்தனை முறை இப்படி ஆகிறது என்று எண்ணித்தான் நோயின் தீவிரத்தை முடிவு செய்வார்களாம். அவளுடையது மிகக் கடுமையானது.

"தொண்டை அடைச்சுக்குது, அங்கிள். கழுத்த நெரிக்கிற மாதிரிதான். குறட்டை நிக்கிறப்போ மூச்சும் நிக்குது. பக்கத்துல படுக்கிறவங்க சொல்றது எங்களுக்கு முக்கியம். சத்தம் நின்னா நீங்க என்ன செய்வீங்க?"

"அவர் அசந்து தூங்கிடுவாரு," என்றாள் மனைவி அவசரமாக.

"நிம்மதியா தூங்குவேன்," என்றேன். "திரும்ப சத்தம் வந்தா உதைப்பேன். அந்த விலா நான் உதைச்சது."

மகள் கையிலிருந்த தண்ணீர் பாட்டிலை என் முகத்தில் எறிந்தாள். உதடு கிழிந்தது. "செத்துட்டிருந்தவங்களயா உதைச்சீங்க?" என்று கத்தினாள். மருத்துவர் என்னை வெளியே போகச் சொன்னார். போலீசில் சொல்ல வேண்டுமா என்று மனைவியிடம் கேட்டாராம். வேண்டாம் என்றுவிட்டாளாம். அன்றே கேலாங்கில் இருக்கும் மகள் வீட்டுக்கு அவளோடு போய்விட்டாள். மூக்கில் முகமூடி மாட்டி, காற்றைச் செலுத்தும் இயந்திரத்தோடு அங்கே தூங்குகிறாள்.

நான் கூடத்தில் படுக்க ஆரம்பித்தேன். படுக்கையறைக் கதவின் உட்புறம் கனத்த தாழ்ப்பாள் ஒன்றை நானே பொருத்தினேன். இயந்திரத்துக்காகக் கட்டிலருகே பிளக் பாயின்ட் வைத்தேன். வந்து பார்க்கும்படி கெஞ்சினேன். வந்தாள். தாழ்ப்பாளை ஒருமுறை போட்டு எடுத்தாள்.

"தாழ்ப்பாள் என் பக்கம்தான். கதவுக்கு அந்தப் பக்கம் நீங்கதானே இருப்பீங்க?"

"இனிமே தொடமாட்டேன்."

"இத்தன வருஷம் கழிச்சு இப்பதான் தூங்குறேங்க. அத விட்டுட்டு வரச் சொல்றீங்களா?"

அலமாரியில் மிச்சமிருந்த புடவைகளைப் பையில் அடுக்கினாள். பை கனமாகத் தெரிந்தது. தூக்கிக் கொடுக்கலாம் என்று கையை நீட்டினேன். அவள் இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டு சுவரோரம் ஒடுங்கினாள்.

நான் பின்வாங்கிக் கூடத்துக்கு வந்து, அவள் வாசலைக் கடக்க வழிவிட்டு நின்றேன்.