சகலையின் கைநடுக்கம்

"என் கைபட்ட எந்த மெஷினும் இதுவரைக்கும் பொய் சொன்னதில்ல. இனிமேலும் சொல்லாது."

வரலாற்றுச் சிறப்புமிக்க இந்த வாக்கியம், எடையளவு ஆய்வாளராக அவர் இருபது ஆண்டு முடித்ததற்கு அலுவலகத்தில் நடந்த பாராட்டுக் கூட்டத்தில் பிறந்தது. மைக் வேலை செய்யாததால் முன்வரிசைக்கு மட்டுமே கேட்டது. அவர் மைக்கை இரண்டு தட்டுத் தட்டிச் சரிசெய்து, பின்வரிசையின் நலன் கருதி மறுபடி சொன்னார். பாருங்கள், மைக்கும்கூட அவர் கைபட்டதும் திருந்திவிட்டது என்று பலர் மெய்சிலிர்த்தார்கள். சிலிர்த்தவர்கள் அத்தனை பேரும் அவருக்குக் கீழே வேலை பார்த்தவர்கள் என்பது வேறு விஷயம்.

கடைத்தெருவில் அவருக்குத் தராசுக்காரர் என்று பெயர். தட்டுக்கு அடியில் ஒட்டிய மெழுகு, மேஜைக்குள் ஒளித்த காந்தம், உள்ளே குடைந்த எடைக்கல் என்று எதுவும் அவர் கண்ணுக்குத் தப்பியதில்லை. பிடிபட்டவனை அவர் திட்டமாட்டார். அதைவிடக் கொடுமையாக, அறிவுரை சொல்வார். அரை மணி நேர அறிவுரைக்குப் பிறகு, அபராதத்தை மட்டும் வாங்கிக்கொண்டு விடச் சொல்லிக் கெஞ்சியவர்கள் உண்டு.

இப்படிப்பட்ட உத்தமருக்கும் ஒரு பலவீனம் இருந்தது. பழைய பின்பால் மெஷின்கள். இழுத்து மூடிய ஒரு விளையாட்டுக் கூடத்திலிருந்து ஒன்று, கப்பல் உடைக்கும் இடத்திலிருந்து ஒன்று, யாரோ கோழிக்கூண்டாக வைத்திருந்தது ஒன்று, இன்னொன்று எங்கிருந்து வந்தது என்று மனைவிக்குச் சொல்லப்படவில்லை. நான்கும் கார் கொட்டகையில் நின்றன. கார் தெருவில் நின்றது.

"ஊர்ல எல்லாரும் காரை நிழல்ல விட்டுட்டு அவங்க வெயில்ல நடப்பாங்க. நம்ம வீட்டுல கார் வெயில்ல காயுது, பொம்மை நிழல்ல தூங்குது" என்பார் மனைவி.

"பொம்மை இல்ல. கருவி."

கருவி என்றால் கருவிதான். கண்ணாடிக்குக் கீழே சாய்வான பலகை. ஸ்பிரிங் பிடியை இழுத்து விட்டால் ஓர் இரும்புப் பந்து மேலே ஓடி, முட்டி, மோதி, மணியடித்து, எண் சக்கரங்களைச் சுழற்றிவிட்டுக் கீழே உருண்டு வரும். அது பள்ளத்தில் விழாமல் இரண்டு குட்டி மட்டைகளால் தட்டித் தட்டி மேலே அனுப்ப வேண்டும். ஓர் ஆட்டத்துக்கு ஐந்து பந்து. கம்ப்யூட்டர் கிம்ப்யூட்டர் எதுவும் கிடையாது. எல்லாம் சுருளும் கம்பியும் நூற்றுக்கணக்கான பித்தளைத் தொடுமுனைகளும்தான். அந்த முனைகளை மெல்லிய அரத்தால் உரசி, பழைய பல்துலக்கியால் பலகையைத் தேய்த்து, மெழுகு பூசி, உரிந்த ஓவியத்துக்கு மனைவியின் நகச்சாயத்தால் ஒட்டுப்போட்டு, கால்களில் நீர்மட்டக் கருவி வைத்து அவர் செய்த பராமரிப்பைக் கண்டவர்கள், தங்கள் பற்களைப் பற்றிக் கவலைப்பட்டுக்கொண்டே வீடு திரும்பினார்கள்.

நான்கில் அவருக்கு உயிர், விண்கலம் வரைந்த மெஷின்தான். அதில் அவர் வெகுவாக மதித்தது ஓர் ஏற்பாட்டை. மட்டையால் சமாளிக்க முடியாத சிலர், மெஷினையே இடுப்பால் இடித்து ஆட்டிப் பந்தின் போக்கை மாற்றப் பார்ப்பார்கள். அவர்களைப் பிடிக்கப் பெட்டிக்குள் ஒரு கம்பி தொங்கும். கம்பி முனையில் ஒரு குண்டு, அதைச் சுற்றி ஓர் உலோக வளையம். பெட்டி அதிகம் ஆடினால் குண்டு வளையத்தைத் தொடும். தொட்டதும் 'டில்ட்' என்று சிவப்பு விளக்கு எரியும், மட்டைகள் செத்துவிடும், அந்தப் பந்து போச்சு. "மெஷினுக்குள்ளயே ஒரு ஆய்வாளர் உட்கார்ந்திருக்கார்" என்று விருந்தாளிகளுக்குப் பெருமையாகச் சொல்வார். பெட்டியின் முன்கதவுச் சாவி அவர் இடுப்பில்.

விருந்தாளிகளில் முக்கியமானவர் சகலை. மனைவியின் அக்கா கணவர். இருபத்தேழு வருடமாகப் பேருந்து ஓட்டுகிறார். ஞாயிற்றுக்கிழமை காலை அக்காவும் அவரும் வருவார்கள். பெண்கள் இருவரும் சமையலறையில் உலகத்தைச் சீர்திருத்த, ஆண்கள் கொட்டகைக்குப் போவார்கள்.

மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு ஞாயிறு, சகலை விண்கலத்தில் அறுபத்து நான்காயிரத்து முந்நூறு எடுத்தார். உடம்பு அசையவில்லை. நெரிசலான தெருவில் வண்டியை நுழைக்கிறவரின் அதே முகம், அதே இரண்டு விரல். கொட்டகைச் சுவரில் எழுதியிருந்த தராசுக்காரரின் சாதனை ஐம்பத்தெட்டாயிரத்துச் சொச்சம்.

"நல்ல மெஷின், சகலை" என்றார் சகலை. ஜெயித்தவர்கள் எல்லோரும் மெஷினைப் பாராட்டுவார்கள்.

அந்த வாரம் தராசுக்காரருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. புதன்கிழமை, ஒரு சோதனைக்காக, சோதனைக்காக மட்டுமே, பழைய சைக்கிள் டியூபில் ஒரு விரற்கடை வெட்டி அந்தக் குண்டுக்குச் சட்டை போல மாட்டினார். ரப்பருக்கு மின்சாரம் பாயாது. குண்டு வளையத்தில் போய் இடித்தாலும் விளக்கு எரியாது. பிறகு மெஷினை இடுப்பால் இடித்தார். முழங்காலால் உதைத்தார். கட்டிப்பிடித்து உலுக்கினார். எழுபத்தோராயிரம். சுவரில் எழுதினார்.

அதோடு விட்டிருந்தால் சின்னப் பாவம். சனிக்கிழமை ரப்பரைக் கழற்றி ஜன்னல் கட்டையில் வைத்துவிட்டு, வளையத்தைத் திருகி, குண்டுக்கும் அதற்கும் நடுவே ஒரு முடி நுழையும் இடம் மட்டும் விட்டார். ஞாயிற்றுக்கிழமை சகலை ஆடினார். பொத்தானை அழுத்தினார், டில்ட். மூச்சு விட்டார், டில்ட். அன்று முதல் இதுவே வார ஒழுங்கு. சனிக்கிழமை ரப்பர் இறங்கும், திங்கட்கிழமை ஏறும். அரசு அலுவலகங்களில்கூட இவ்வளவு ஒழுங்கு கிடையாது. விருந்தாளிகள் முன்னால் அவர் ஆடுவதே இல்லை. வீட்டுக்காரன் ஆடினால் வந்தவர்களுக்குச் சங்கடம் என்பார்.

"என்ன சகலை, மறுபடியும் டில்ட் ஆயிடுச்சு?"

"கை அடங்கணும் சகலை. லேசா நடுங்குது பாருங்க."

"எனக்குத் தெரியலையே."

"உங்களுக்குத் தெரியாது. மெஷினுக்குத் தெரியும்."

இதை அவர் விளையாட்டாகத்தான் சொன்னார். மூன்று வருடம், வாரம் தவறாமல் விளையாட்டாகச் சொன்னார்.

ஒரு ஞாயிறு சகலை கொட்டகைக்கு வரவில்லை. கூடத்திலேயே உட்கார்ந்து, தண்ணீர் நிரம்பிய டம்ளரைக் கையை நீட்டிப் பிடித்து, தண்ணீரின் விளிம்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ரெண்டு வாரமா இதே வேலைதான்" என்றார் அக்கா தங்கையிடம். "டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனேன். ஒண்ணும் இல்ல, குதிரை மாதிரி இருக்கீங்கன்னார். நம்பமாட்டேங்குறார்."

"டாக்டர் கண்ணால பாத்துச் சொல்றார்" என்றார் சகலை. "மெஷின் அளந்து சொல்லுது. அதுவும் யாரு மெஷின்? ஊர்த் தராசையெல்லாம் சோதிக்கிறவர் மெஷின்." சட்டைப்பையிலிருந்து மடித்த தாளை எடுத்தார். "சகலை, நீங்க ஆபீஸ் கடுதாசி நல்லா எழுதுவீங்க. இதைக் கொஞ்சம் பாத்துக் குடுங்க."

கைநடுக்கம் இருப்பதால் பேருந்து ஓட்டும் பணியிலிருந்து தன்னை விடுவித்து, பணிமனையில் வண்டி வந்துபோகும் நேரம் குறிக்கும் வேலை தரவேண்டும் என்ற விண்ணப்பம். கொடுத்துவிட்டால் திரும்ப ஸ்டியரிங்கைத் தொட விடமாட்டார்கள்.

"அறுபது பேரை ஏத்திக்கிட்டுப் போறேன் சகலை. ஆட்டத்துல பந்து போனா அடுத்த பந்து வரும். அங்க அப்படியா?"

இந்த இடத்தில் ஒரு மனிதன் செய்யவேண்டியது ஒன்றே ஒன்றுதான். தராசுக்காரர் அதைச் செய்யவில்லை. பேனாவைத் திறந்து, 'நடுக்கம்' என்பதற்கு முன்னால் விட்டுப்போன 'கை'யைச் சேர்த்து, தேதிக்குக் கீழே கோடு போட்டு, "மத்தபடி நல்லா வந்திருக்கு" என்றார். சொன்ன வாயைக் கழற்றி ஜன்னல் கட்டையில் வைத்துவிடலாம் போலிருந்தது. காது மடல்வரை சுட்டது. காய்ச்சலா என்று மனைவி நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

"அவசரப்படாதீங்க சகலை. அடுத்த ஞாயிறு ஒரே ஒரு தடவை ஆடிப் பாப்போம். அப்புறம் குடுங்க."

அந்த வாரம் அவர் ஆய்வுக்குப் போன கடைகளில் அறிவுரை இல்லை. ஒரு மீன்கடைக்காரர் தராசைத் தாமே கவிழ்த்துக் காட்டியபோது, பார்க்காமலே முத்திரை குத்திவிட்டு நகர்ந்தார். தராசுக்காரருக்கு உடம்பு சரியில்லை போல என்று தெரு முழுக்கப் பேச்சு. வேலைக்குப் போகும்போது சகலை ஓட்டும் பேருந்து வந்தால், செருப்பு வார் அறுந்தது போல் குனிந்துகொண்டார்.

யோசித்து யோசித்து ஒரு திட்டம் கண்டுபிடித்தார். யாரும் எதையும் ஒப்புக்கொள்ளத் தேவையில்லாத அருமையான திட்டம். ஞாயிற்றுக்கிழமை ரப்பரைக் கழற்றாமலே விட்டுவிட வேண்டியது. விளக்கு எரியாது. நடுக்கம் குணமாகிவிடும். எல்லோரும் டீ குடிக்கலாம்.

ஞாயிறு காலை நால்வரும் கொட்டகையில் கூடினார்கள். அக்கா கையில் டீத் தட்டு. சகலை, பிறந்த குழந்தையைத் தூக்குவது போல் பயந்து பயந்து பொத்தான்களைத் தொட்டார். முதல் பந்து, விளக்கு எரியவில்லை. இரண்டாவது, எரியவில்லை.

"பாத்தீங்களா" என்றார் தராசுக்காரர். "நடுக்கமும் இல்ல, கிடுக்கமும் இல்ல."

சகலையின் முகம் ஒரு கணம் மலர்ந்தது. மூன்றாவது பந்து பள்ளத்தை நோக்கி வந்தபோது அவர் அதைப் பார்க்கவில்லை. மெஷினின் பக்கவாட்டைத் தட்டிப் பார்த்தார். கொஞ்சம் பலமாகத் தட்டினார். அப்புறம் இரண்டு கையாலும் பிடித்து உலுக்கினார். மணிகள் அலறின, தட்டில் டீ சிந்தியது. விளக்கு எரியவில்லை.

இருபத்தேழு வருடம் வண்டியின் சத்தத்தை வைத்தே கோளாறு சொல்கிறவர் அவர். மெதுவாகக் கையை எடுத்தார்.

"கழட்டி விட்டுட்டீங்க."

"எதை சகலை?"

"உள்ள இருக்கிற ஆய்வாளரை. என்மேல இரக்கப்பட்டு." சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். "நல்ல மனசு உங்களுக்கு. ஆனா இதுல இரக்கம் பாக்கக்கூடாது. நாளைக்குக் காலைல கடுதாசியைக் குடுத்துடறேன்."

நல்ல மனசு என்ற சொல் தராசுக்காரரை எங்கே போய்த் தைத்ததோ, இடுப்பிலிருந்து சாவியை எடுத்தார். முன்கதவைத் திறந்தார். முழங்கால் போட்டு உள்ளே கைவிட்டு, அந்தக் கறுப்பு ரப்பரை உருவி, சகலையின் உள்ளங்கையில் வைத்தார். அவருக்குச் சொல்ல மூன்று வாக்கியங்கள் தயாராக இருந்தன. 'சும்மா சோதனைக்குத்தான் போட்டேன்.' 'எப்பவும் போடறதில்ல.' 'அது அங்க இருக்கறதே எனக்குத் தெரியாது.' மூன்றையும் கடைக்காரர்கள் வாயிலிருந்து அவர் பலநூறு முறை கேட்டிருக்கிறார்.

"நான் ஆடும்போது இதை மாட்டிப்பேன்" என்றார். "நீங்க ஆடும்போது கழட்டிடுவேன். வளையத்தையும் நெருக்கி வெச்சிடுவேன். மூணு வருஷமா. உங்க கைல ஒண்ணும் இல்ல."

"அட, இதுதானா அது" என்றார் மனைவி, உதவி செய்கிற நல்லெண்ணத்தில். "ஞாயித்துக்கிழமை ஆனா ஜன்னல் கட்டைல கிடக்குமே. மெஷினுக்கு ஓய்வு குடுக்கிறீங்கன்னு நினைச்சேன்."

அக்கா தட்டைக் கீழே வைத்தார். கணவரின் சட்டைப்பையிலிருந்து கடுதாசியை எடுத்து, சிந்திய டீயை அதனாலேயே துடைத்தார். தேதிக்குக் கீழே போட்ட கோடு முதலில் கரைந்தது.

சகலை அந்த ரப்பரை விரலில் மாட்டினார், கழற்றினார், மறுபடி மாட்டினார். கை ஆடவே இல்லை. திட்டுவார் என்று தராசுக்காரர் காத்திருந்தார். திட்டினால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

"எனக்கு வெப்பீங்களே" என்றார் சகலை கடைசியில், "அதே மாதிரி வைங்க."

தராசுக்காரர் உள்ளே கைவிட்டு, ஒரு முடி நுழையும் இடம் விட்டு வளையத்தைத் திருகினார்.

"இப்ப நீங்க ஆடுங்க."

"சகலை…"

"ஆடுங்க. நாங்க பாக்கறோம்."

முதல் பந்தில் இடுப்பு பழக்கத்தால் தானாகவே இடித்தது. சிவப்பு விளக்கு. இரண்டாவதில் இடுப்பை அடக்கிக்கொண்டார், முழங்கால் காட்டிக்கொடுத்தது. மூன்றாவது பந்துக்கு, கண்ணாடிமேல் சாய்ந்த முழங்கையே போதுமாக இருந்தது. நான்காவதில் அவர் எதையும் ஆட்டவில்லை. பொத்தானைத் தொட்டார், அவ்வளவுதான். எண் சக்கரம் நூற்று இருபதில் நின்றது. அக்கா எதையோ பார்ப்பது போல் கூரையைப் பார்த்தார். மனைவி பார்வையை எடுக்கவே இல்லை. அவர் பொத்தான்களிலிருந்து கையை எடுத்து வேட்டியில் துடைத்துக்கொண்டு, போதும்தானே என்பது போல் திரும்பினார்.

"இன்னும் ஒண்ணு இருக்கு சகலை" என்றார் சகலை, நிறுத்தத்தில் இறங்க மறந்தவரிடம் சொல்வது போல.

தராசுக்காரர் ஸ்பிரிங்கை இழுத்து விட்டார். பந்து மேலே ஏறுவதற்குள் விளக்கு எரிந்தது. மட்டைகள் செத்தபின்னும் இரண்டு பொத்தான்களையும் அழுத்தியபடியே, பந்து நேராக இறங்கிப் பள்ளத்தில் விழும்வரை குனிந்த தலையோடு நின்றார்.